ஒரே சைரன், இரண்டு ஆபத்து

காலை 7.40. சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் பறந்து போர்ட் பிளேரில் இறங்கினேன். ஜங்லிகாட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். தங்கை ரோஸ்லின் வீடு அங்கேதான். மாப்பிள்ளை மீன்பிடிக்கப் போயிருந்ததால் எட்டு மாதக் குழந்தையோடு தனியாக இருந்தாள்.

"பத்து மணிக்கு ரேடியேஷன் ட்ரில் தீதி, டர்னா மத்" என்றார் ஆட்டோக்காரர். பயப்படாதே என்கிறார்! ஏதோ ஒரு வெளிநாட்டு அணு உலையில் விபத்து, அந்தக் காற்று கடல் தாண்டி இங்கே வருகிறது என்று வைத்துக்கொண்டு ஒத்திகையாம்.

10.00. சைரன் அலறியது. குழந்தையைக் கொஞ்சியதில் சொல்ல மறந்த ஒத்திகையைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் குழந்தையை வாரிக்கொண்டு மேட்டுச் சாலையில் ஓடினாள். "பாகோ! பாகோ!" என்று தெருவே ஓடியது. செருப்பைக்கூட மாட்டாமல் நானும் ஓடினேன். எப்படி ஓடாமல் இருப்பது? 2004 சுனாமியில் எங்கள் ஊர்க்கரையில் அம்மாவை அலை கொண்டுபோனது. பதினான்கு வயது ரோஸ்லின் மேட்டுக்கு ஓடியதால்தான் பிழைத்தாள்.

10.20. உச்சியில் மூச்சு வாங்க நின்றோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. ஜீப்பில் வந்த அதிகாரி தமிழ்க்காரர்தான்.

"வீட்டுக்குள்ள போய் ஜன்னலைச் சாத்துங்கன்னு நோட்டீஸ் ஒட்டினோமே! நிஜமா இருந்தா இந்தக் காத்துதான் விஷம்."

நோட்டீஸ் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருந்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுனாமிக்கும் இதுக்கும் ஒரே சைரனா சார்?"

"வேற சைரனுக்கு ஃபைல் போயிருக்கு மேடம்."

"வெளிநாட்டுல விபத்துன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த சர்க்கார் டில்லிக்குச் சொல்லும். டில்லி எங்களுக்குச் சொல்லும்."

"காத்தும் டில்லி சுத்தித்தான் வருமா?"

அவர் 'பொதுமக்கள் ஒத்துழைக்கவில்லை' என்று தாளில் எழுதிக்கொண்டார். அடப்பாவி!

ரோஸ்லின் முன்னால் வந்தாள். "சைரன் கேட்டா அது அலையா காத்தான்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்? பிள்ளையத் தூக்கிட்டு ஓடவா, கதவைச் சாத்தவா?"

"மொதல்ல கன்ஃபர்ம் பண்ணிக்கணும்மா."

"யாருகிட்ட?"

ஜீப் கிளம்பிவிட்டது.

மூன்றாம் நாள், மதியம் 12.15. விமான நிலைய வாசலில் நின்றோம். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் அணுமின் நிலையம் உண்டு. ஒத்திகைக்கு முதல் நாளே தமிழில் மைக் கட்டிச் சொல்லிவிடுவார்கள். அதையே கண்துடைப்பு என்று திட்டிக்கொண்டிருந்தவள் நான். இங்கே அதற்கும் வழியில்லை.

"நீ டீச்சராச்சே, நீயே சொல்லுக்கா. சைரன் அடிச்சா என்ன செய்ய?" என்றாள் ரோஸ்லின்.

இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவள், குழந்தையின் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள்:

"நான் மேலதான் ஓடுவேன். அலைன்னா பிள்ளை அன்னைக்கே போயிரும். காத்துன்னா கொஞ்ச காலமாச்சும் எங்கூட இருக்கும்லா?"

பாவிகளா, பெற்றவள் வாயால் இதைச் சொல்ல வைத்துவிட்டீர்களே!