தோடந்தோல் கைறுன்னிஸாவின் கூலி

புஹாரி ஹாஜியார் கைறுன்னிஸாவுக்கு நூற்றெண்பது ரூபாய் கடன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஒரு கட்டில் விரிப்புத் தைத்ததற்கும், அவருடைய மகளின் கல்யாணத்துக்கு வட்டிலப்பம், தோல் பாணி என்று இனிப்புகள் செய்து கொடுத்ததற்கும் பேசிய கூலி அது. பேசியது எழுபத்து மூன்றாம் ஆண்டு, பாண் ரொட்டிக்கு இருட்டோடு எழும்பி வரிசையில் நின்ற காலம்.

ஹாஜியாரைப் பற்றி ஒரு நினைவு மலரில் நாலு பக்கம் எழுதியிருக்கிறார்கள். தொப்பி போட்ட படமும் இருக்கிறது. கைறுன்னிஸாவைப் பற்றி எழுத ஒருத்தருமில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். மாத்தளை பஸ் நிலையத்தில் கூடையில் பணியாரம் விற்றவள். இன்றைக்கு டவுனில் இரண்டு கடையும் மாடி வைத்த வீடும் இருக்கின்றன. ஒரு சதம்கூட எனக்கு யாரும் எழுதி வைத்ததில்லை. என் எழுத்தில் பிழை பிடிக்க வருகிறவர்கள் முதலில் என் கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு வரட்டும்.

கைறுன்னிஸாவின் புருஷன் பஸ் நிலையத்துக்கு எதிரில் தள்ளுவண்டியில் ஆரஞ்சு, எங்கள் பேச்சில் தோடம்பழம், பிழிந்து விற்றவன். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான், அப்படியே போய்விட்டான். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்து முடித்து அவள் வெளியில் வந்தபோது கையில் வளர்ந்த ஒரு பெண் பிள்ளையும் அந்த வண்டியும்தான் மிச்சம். வண்டியை விற்று வீட்டு வாடகையைக் கட்டினாள். வாங்கியவனிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"வண்டி ஒனக்கு. பிழிஞ்ச தோலெல்லாம் எனக்கு."

"தோலா? மாடு வளக்கிறீங்களா?"

"இல்ல தம்பி, நான்தான் மாடு. எனக்குத்தான்."

அவன் சிரித்துக்கொண்டு சரி என்றான். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு சாக்குத் தோல் அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. ஊர் அவளுக்குத் தோடந்தோல் என்று பெயர் வைத்தது. அவள் அதற்குக் கோபித்ததில்லை. "பழம் திண்டவனுக்குப் பேரில்ல, தோல் பொறுக்கினவளுக்குப் பேர் ஈக்கு" என்பாள்.

அந்தத் தோலில் அவள் செய்யாதது இல்லை. உள்ளே இருக்கும் வெள்ளையைக் கத்தியால் சுரண்டிவிடுவாள், கசப்பு அதில்தான். பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, பிறகு கீறிக் கித்துள் மரத்து இனிப்புப் பாணியில் காய்ச்சுவாள். சீனி கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இனிப்பு என்றால் அதுதான். கடுகும் வினாகிரியும் போட்டு அச்சாறு. காயவைத்து இடித்த தூளை வட்டிலப்பத்தில் ஒரு சிட்டிகை போட்டால் முட்டை வெடுக்கு இருக்காது. ஏலம் விளைகிற ஊரில் ஏலம் வாங்க வழியில்லாதவள் கண்டுபிடித்த சமையல் அது. நான் ஒரு தடவை தின்றுவிட்டு அன்றைக்கே என் கடைக்குப் பத்துக் கிண்ணம் சொன்னேன். ருசியில் என் நாக்கை ஏமாற்ற ஏலாது.

ஆனால் அவளுடைய பெரிய கைவேலை தையல்தான். தோடம்பழத்தை மேலிருந்து கீழாக நாலு கீறல் கீறி, கிழியாமல் உரித்தால், நாலு இதழ் வரும். நடுவில் அகலம், இரண்டு முனையும் கூர். அதை அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கி நிழலில் காயவிடுவாள். விறைத்த தோலைத் துணிமேல் வைத்துச் சோக்கால் கோடு போட்டு வெட்டினால் துணியில் அதே இதழ். நாலு இதழ் சேர்ந்தால் ஒரு பூ. ஒரு பூவின் ஓரம் அடுத்த பூவின் ஓரமாகப் போய்க்கொண்டே இருக்கும். விரிப்பு முழுவதும் வட்டம் வட்டமாகக் கண்ணைச் சுற்றும்.

"அட்டையில வெட்டினா ஒரேயளவா வருமே புள்ள" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அட்டைக்குக் காசு குடுக்கணும் ராத்தா. அதோட அட்டையில வெட்டினா எல்லாப் பூவும் ஒரே மூஞ்சி. இது ஒவ்வொண்டும் ஒவ்வொரு பழம்."

துண்டுத் துணி தையல்காரர் சிவலிங்கத்தின் கடையில் கூட்டித் தள்ளுவது. அடித்துணி கோதுமை மாச் சாக்கு. அதைத் தோலும் படிகாரமும் போட்டு அவித்தால் கோழிக்குஞ்சு நிறம் பிடிக்கும். துணியும் கூப்பனுக்கு என்று ஆன நாளில் அந்த நிறத்தை அவள் ஓசியில் எடுத்தாள். இரண்டு துணிக்கும் நடுவே மூலைக்கு மூலை கராம்பும் காய்ந்த தோலும் பொடித்து வைத்துத் தைத்துவிடுவாள். மூட்டைப்பூச்சி அந்தப் பக்கம் தலை வைக்காது. இத்தனையும் கையூசியில், குப்பி விளக்கில்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, ஒரு தையல் மெசின். இந்திய வம்சத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம், சிவலிங்கத்துக்கும் போகக் கடதாசி வந்திருந்தது. போகும்முன் மெசினை விற்க வேண்டும். இருநூற்றைம்பது சொன்னார். அவளிடம் எழுபது இருந்தது. அந்த நேரத்தில்தான் ஹாஜியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

ஹாஜியார் அவளுடைய புருஷனுக்குத் தூரத்து மாமா. மிளகும் கராம்பும் கொழும்புக்கு லொறியில் ஏற்றுகிறவர். மகளுக்கு அக்குறணையில் பெரிய இடத்தில் சம்பந்தம். மணவறைக் கட்டிலுக்குப் புதுத் துணி கறுப்புச் சந்தையில்தான் கிடைக்கும், அதை வாங்க அவருக்குப் பயமோ, கஞ்சத்தனமோ. விரிப்புக்கும் இனிப்புக்கும் சேர்த்து நூற்றெண்பது என்று பேசினார். பேசும்போது நானும் இருந்தேன். கைறுன்னிஸா கூட்டிக் கேட்கவில்லை. மெசினுக்கு எவ்வளவு குறைந்ததோ அதையே கேட்டாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மணவறை பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். "இது எந்தக் கடையில எடுத்த?" என்று கேட்டார்.

துண்டுத் துணியில் தைத்ததைக் காசு கொடுத்து வாங்கினோம் என்று சொல்ல ஹாஜியாருக்கு நா எழவில்லை போலும். சிரித்துக்கொண்டு உரத்துச் சொன்னார்:

"கடையில எங்க! எங்கட கைறுன்னிஸா கல்யாணப் புள்ளைக்கு அன்பா தெச்சுக் குடுத்த ஹதியா."

எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். அத்தனை முகமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. வட்டிலப்பத் தட்டோடு நின்ற கைறுன்னிஸா வெட்கத்தில் தலையை ஆட்டிவிட்டாள். நான் அவள் கையில் கிள்ளினேன்.

"வாயத் தொறந்து செல்லு புள்ள, கூலிக்குத் தெச்சது எண்டு."

"இத்தன பேர் முன்னுக்கா? கல்யாண வீடு ராத்தா. நாளைக்குத் தனியாத் தருவாரு."

அந்தத் தலையாட்டல்தான் அவள் செய்த பிழை. எங்கள் ஆட்களிடம் ஹதியா, அன்பளிப்பு என்று சபையில் ஒருதடவை சொல்லியாகிவிட்டால், பிறகு அதற்கு விலை கேட்பது கொடுத்ததைப் பிடுங்குவது மாதிரி. மானமுள்ள ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஹாஜியாருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு கிழமை கழித்துப் போய்க் கேட்டாள். ஹாஜியார் தன் கடைக் கதிரையில் இருந்து அசையவில்லை.

"மகள், சபையில ஹதியா எண்டு ஆயிட்டுது. இனி அதுக்குக் காசு தந்தா எனக்கும் இழுக்கு, ஒங்களுக்கும் இழுக்கு."

"அப்பிடிச் சென்னது நீங்க, மாமா. நான் செல்லல்லியே."

"நீங்க தலையாட்டினீங்களே."

"நோன்பு வரட்டும், பாத்துச் செய்வம்" என்று அனுப்பிவிட்டார். சிவலிங்கம் பொறுத்துப் பார்த்தார், அந்த மனுஷனைக் குறை சொல்ல ஏலாது. கடைசியில் அவளை வரச்சொல்லி, "தங்கச்சி, கப்பலுக்கு நாள் குறிச்சுட்டாங்க. மெசினத் தூக்கிட்டு நான் கடல்ல நீந்த முடியுங்களா?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நாவுலயிலிருந்து வந்த ஒருவன் மெசினை பஸ் கூரையில் கட்டிக்கொண்டு போனான்.

நோன்பு வந்தது. இருபத்தேழாம் நோன்பன்று ஹாஜியார் வீட்டுக் கேட்டில் ஸக்காத்து என்கிற ஏழைப் பங்குக்கு விதவைகள் வரிசை. ஹாஜியார் இவளை மட்டும் வரிசையை விட்டு முன்னால் கூப்பிட்டு, மடித்த நோட்டுகளை நீட்டினார். மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கனம் அதிகம்தான்.

"இது கூலியா, ஸக்காத்தா மாமா?"

"காசுக்கு என்ன பேர் மகள்? புடிங்க."

"கூலி எண்டு ஒரு வார்த்த செல்லுங்க. புடிக்கிறேன்."

அவர் சொல்லவில்லை. இவள் நோட்டுகளை அவர் முன்னிருந்த மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பசித்தவளுக்கு இத்தனை திமிரா என்று ஊர் கதைத்தது. நானும்தான் ஏசினேன், பொய் எதற்கு.

"வாங்கிட்டு வந்து பேச்ச வெச்சிருக்கலாமே! பேரையா அவிச்சுத் திம்பாய்?"

"ஸக்காத்து எண்டு வாங்கினா நான் தெச்சது ஹதியாதான் எண்டு ஆயிரும் ராத்தா. என்ட கூலியக் குடுத்து அவரு நன்மையும் எழுதிக்கொள்ளுவாரு."

அந்தக் காசை நான் தருகிறேன் என்றேன். என்னிடம் இருந்தது, நான் யாரிடமும் கடன் வாங்கித் தரும் நிலையில் இல்லை. "ஒங்களுக்கு நான் ஒண்டும் தெய்க்கல்லியே" என்று எழும்பிப் போய்விட்டாள். பிறகும் கையூசிதான். மூன்று வருசத்தில் இடது கண் பூத்துப்போனது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

எழுபத்தாறில் ஹாஜியார் மௌத்தானார். மாத்தளையே திரண்டு வந்தது. பெண்கள் நாங்கள் உள் அறையில், திரைக்குப் பின்னால். அடுத்து நடந்ததை எழுதும்முன் அதற்குப் பின்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன், அதைக் கடைசியில் வைக்க எனக்கு மனமில்லை. அன்றோடு அவளுக்கு ஜனாஸாவை மறித்தவள் என்று பெயர். கல்யாண வீடுகள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின. மகளுக்கு வந்திருந்த ஒரு கல்யாணப் பேச்சும் நின்றது. என் கடைக்கு மட்டும் தோல் பாணி காய்ச்சிக்கொண்டிருந்தாள், இரண்டு வருசத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய ஜனாஸாவுக்கு வந்தவர்களை ஒரு பெரிய வேனில் ஏற்றியிருக்கலாம்.

இனி ஹாஜியாரின் ஜனாஸாவுக்கு வருகிறேன். மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்குமுன் அவருடைய மூத்த மகன் மக்கீன் எழுந்து நின்று, எல்லா ஜனாஸா வீட்டிலும் சொல்வதைச் சொன்னார்: "எங்கட வாப்பா யாருக்காவது கடன் குடுக்க ஈந்தா இப்ப செல்லுங்க. நாங்க பொறுப்பு." அதை ஒரு வழக்கத்துக்குத்தான் சொல்வது. யாரும் அந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. தோள்கொடுக்க ஆட்கள் குனிந்துவிட்டார்கள்.

"எனக்குக் குடுக்க ஈக்கு."

என் பக்கத்திலிருந்துதான் குரல் போனது.

"யாரது?" என்று வெளியிலிருந்து கேட்டார்கள்.

"கைறுன்னிஸா. நூத்தியெம்பது ரூவா. தெச்ச கூலியும் சமச்ச கூலியும்."

உள்ளே இருந்த ஒரு மாமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "மையத்த வெச்சுக்கொண்டு பேசுற பேச்சா? வெக்கமில்லியா ஒனக்கு?"

"அவருக்காகத்தான் மாமி பேசுறேன். கடனோட போகட்டும் எண்டா செல்றீங்க?"

வெளியே ஒருவர், "அது ஹதியா எண்டு ஹாஜியாரே செல்லி எங்கட காதால கேட்டமே" என்றார்.

"ஹதியா எண்டு சென்னது அவரு. நான் இண்டைக்கு வரைக்கும் சென்னதில்ல. பேசினது கூலி. மஸீனா ராத்தா சாட்சி."

நான் மஸீனா. பெரிய மனிதர்களுக்குப் பயந்து வாயை மூடி நான் கடை வைக்கவில்லை. "ஓம், கூலிதான். எனக்கு முன்னுக்குத்தான் பேசினது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

பிறகு மௌலவி தொண்டையைச் செருமி, "கடன் எண்டா குடுத்துட்டுத் தூக்குங்க" என்றார்.

மக்கீன் உள்ளே போய் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். "இருநூறு ஈக்கு. மிச்சத்த ஸதகாவா, தருமமா வெச்சுக்கொங்க, ராத்தா."

"மிச்சம் வேணாம். என்ன எண்டு தாறீங்க?"

இவள் கையை நீட்டவில்லை. வெளியே தூக்க நின்றவர்கள் கால் மாற்றிக்கொள்வது கேட்டது.

"கூலி எண்டு" என்றார் மக்கீன், மெதுவாக.

"அங்கால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல தம்பி."

"கூலி! கூலி எண்டு தாறேன்!"

கைறுன்னிஸா திரையை ஒதுக்காமல், அதன் ஓரத்தால் வலது கையை மட்டும் வெளியே நீட்டினாள். "எண்ணித் தாங்க" என்றாள். மக்கீன் ஒவ்வொரு பத்து ரூபாயாகச் சத்தம் போட்டு எண்ணி, நூற்றெண்பது வரும்வரைக்கும் விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.