பெரிய வெள்ளியன்று எஸ்தர் குடிக்காத கஞ்சி

செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பின் நடுவே ஆஸ்பத்திரி ஆள் சீட்டோடு வந்தார். மேட்ரன் அம்மா அதைப் படித்துவிட்டு, "எஸ்தர் நம்ம விட்டுப் போய்ட்டா" என்றார். உடனே நீங்கள் எல்லோரும் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். இந்த விடுதியில் அதுவரை யாரும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை. அதுவும் அவளுக்காகத்தான்.

நாளைய இரங்கல் கூட்டத்தில் வாசிக்க, அவளுடைய தோழி என்று என்னை எழுதச் சொன்னார்கள். மேட்ரன் அம்மா பார்த்துத் திருத்திய தாள் வேறு. இதை நீங்கள் தூங்கிய பிறகு பயந்துகொண்டே எழுதுகிறேன்.

எஸ்தர் வேலூருக்குப் படிக்க வந்த ஆம்பூர்க்காரி. அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. விடியற்காலையில் அவளுக்கு வியர்த்து ஊற்றும். யாரென்று தெரியாமல் நம்மைத் திட்டுவாள். கஞ்சி உள்ளே போனதும் ஒன்றும் நடக்காததுபோல் தலை வாரிக்கொள்வாள். அவள் ஊரில் இதைப் பேய் என்றார்கள். மேட்ரன் அம்மா மட்டும் நமக்கு முன்பாகவே அவளுக்கு வெல்லம் போட்ட கஞ்சி கொடுத்துவந்தார். அந்த வெல்ல வாசனையோடுதான் நான் தினமும் கண் விழித்தேன்.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி வரை நமக்குப் பட்டினி. அவளுக்கு அன்றும் கஞ்சி வந்தது.

"நீ இன்னா, மாமியார் வூட்டுக்கு வந்த மாப்ளையா? ஏசு உனக்கு மட்டும் சாவலையா?" என்று கேட்டேன்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நானும் பட்டினி இருக்கேன்டி. இன்னா ஆயிடும்?"

கஞ்சியைச் செடிக்கு ஊற்றியது நான்தான்.

அன்றைய ஆராதனையில் அவள் எழுந்து, "வாய மூடுய்யா" என்று பாதிரியாரையே அதட்டிவிட்டு விழுந்ததைப் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் ரத்தம் எடுத்தார். பிறகு நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார். எஸ்தர் கண் விழித்து, "ஜெபம் முடிஞ்சிட்ச்சா? பசிக்குது" என்றாள். ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே வைத்து இன்னும் இரண்டு முறை பட்டினி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும் அப்படியே ஆனது. கணையத்தில் கட்டி இருக்க வேண்டும், நீரிழிவுக்காரர்களுக்கு ஊசியில் போடும் இன்சுலினை அது அளவில்லாமல் சுரக்கிறது, வெட்டி எடுத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டரம்மா. இப்படியொரு நோயைப் படித்திருக்கிறாராம், பார்த்ததில்லையாம். நமக்கெல்லாம் சிரங்கும் குளிர்காய்ச்சலும். அவளுக்கு வந்த நோய்கூட யாருக்கும் வராத நோய்.

அறுவைக்கு முந்தின நாள் பார்க்கப் போனேன்.

"யாரு உன்ன பட்டினி கெடக்கச் சொன்னதுன்னு டாக்டரம்மா கேட்டாங்கடி. நானாத்தான் கெடந்தேன்னு சொல்லிட்டேன். நீ போய் உளறி வெக்காத, மேட்ரன் உன்ன ஊருக்கே அனுப்பிச்சிடும்" என்றாள். பிறகு சிரித்தாள். "கட்டிய எடுத்துட்டா நானும் உங்களாட்டம் பட்டினி கெடப்பேன். அப்ப எதச் சொல்லித் திட்டுவ?"

மொச்சைக்கொட்டை அளவு கட்டி. எடுத்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் அவள் வெறும் வயிற்றோடு தெளிவாகப் பேசினாளாம். நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் போய்விட்டாள்.

அந்தப் பட்டினியால்தான் நோய் தெரிந்தது. அதனால்தான் கத்தியும் வைத்தார்கள். இதில் என் பங்கு எது என்று யாரிடம் கேட்பேன்?

நாளை திருத்திய தாளை மடித்துவிட்டு இதைத்தான் வாசிப்பேன். எனக்காக அவள் சொன்ன பொய் அதோடு தீர்ந்துவிடும். ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சுவது இந்தப் பொறாமை ஒன்றுதான். அவள் இடத்தில் நான் படுத்திருந்தால், டாக்டரம்மா கேட்டதுமே அவள் பெயரைச் சொல்லியிருப்பேன்.