அக்காவின் முழங்கை மடிப்பு

கடலுக்கு நுரைக்கக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா. உலகத்துத் தலைகளை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் பாதி அவள் கழுவியவை. மீதிப் பாதி இன்னும் அழுக்காகத்தான் இருக்கின்றன, பார்த்தாலே தெரியும். ராஜாக்கள் இல்லாமல் போனதே, அவளுடைய நாற்காலியில் அவர்கள் சாய்ந்து தூங்கிப்போய் நாட்டைக் கோட்டை விட்டதால்தான்.

சரி, கொஞ்சம் குறைத்துச் சொல்கிறேன். அக்கா ஒரு பார்லரில் தலை கழுவிவிடுபவள். ஜன்னலோரத் தொட்டி அவளுடையது. வருகிறவர்கள் முடிவெட்டக் காத்திருப்பதைவிட அவள் விரலுக்குக் காத்திருப்பதுதான் அதிகம்.

அவளுக்கு ஒரு வழக்கம். கடைக்குப் புது ஷாம்பு, புது சாயம், புது கிரீம் எது வந்தாலும் முதலில் தன் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவிக்கொள்வாள். மறுநாள் அங்கே சிவக்கவில்லை என்றால்தான் அது அடுத்தவர் தலைக்குப் போகும். பாட்டிலின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டேன், அது என்னை அதற்கும் முன்பே விட்டுவிட்டது. ஆனாலும் அதில் கலந்திருக்கும் ரசாயனங்களின் பேரை, வாத்தியார் பேர் கூப்பிடுவதுபோல நீட்டி முழக்குவேன்.

"பாரபென்!"

"உள்ளேன் ஐயா" என்பாள் அக்கா. "அவன வெளிய நிறுத்து."

முடியை நேராக்கும் கிரீம் ஒன்று வந்தது. மூடியைத் திறந்ததும் கடையே கண்ணைக் கசக்கியது. பிணம் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் என்றே பாட்டிலில் போட்டிருந்தது. அக்கா அதை அப்படியே மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

"இது கடையா, ஆராய்ச்சிக் கூடமா?" என்று முதலாளியம்மா குதித்தார்.

"மேடம், அந்த நாற்காலில மாசமா இருக்கிற பொண்ணு உக்கார்ந்திருக்கு. நீங்க போடுங்க, நான் போட மாட்டேன்."

முதலாளியம்மா போடவில்லை. பெட்டி திரும்பிப் போனது. அன்று அக்கா வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்க வேண்டுமே, சட்டசபைத் தேர்தலில் ஜெயித்து வந்தவள்போல.

பிறகு முழங்கை மடிப்பில் கொசுக்கடி அளவுக்கு ஒரு சிவப்பு வந்தது, போகவே இல்லை. அடுத்து விரலிடுக்குகள் அரித்தன. தோல் வெடித்தது. வெடித்த இடத்தில் நீர் கோத்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பின் மேல் பழியைப் போட்டாள். பாத்திரம் தேய்ப்பது என் தலையில் விழுந்தது. கை அப்படியேதான் இருந்தது.

எது ஒத்துக்கவில்லை என்று கண்டுபிடிக்க, தோல் டாக்டர் அவள் முதுகில் சின்னச் சின்னக் கட்டமாக மருந்துப் பட்டை ஒட்டி, சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். வாசனைக்குக் கலப்பது ஒன்று, கெடாமல் இருக்கக் கலப்பது ஒன்று. இரண்டு கட்டமும் செக்கச்செவேல் என்று இருந்தன.

"அதெல்லாம் இல்லாத பாட்டிலாப் பார்த்து வாங்கிக்கிறேன் டாக்டர்."

"வீட்டுக்கு வாங்கிக்கலாம்மா. கடையில முடியாது. 'மென்மையானது', 'இயற்கை'ன்னு எழுதினதுலயும் இருக்கும்." பிறகு கேட்டார்: "புதுசா எது வந்தாலும் உங்க கையில போட்டுப் பார்ப்பேன்னு சொன்னீங்களே, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நாள் பூரா கை நுரையில. அதுக்கு மேல இது வேற. திரும்பத் திரும்பப் பட்டாத்தாம்மா உடம்பு ஒரு நாள் அத எதிரின்னு முடிவு பண்ணும். பண்ணிடுச்சுன்னா மறக்காது. இந்த வேலைய விட்டுடுங்க."

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ என்கிட்ட வந்தவங்களுக்கு?"

"உங்களுக்கு ஒத்துக்கலைன்னா அவங்களுக்கும் ஒத்துக்காதுன்னு இல்ல. ஒத்துக்கிச்சுன்னா அவங்களுக்கும் ஒத்துக்கும்னும் இல்ல. அவங்கவங்க தோல் அவங்கவங்களுக்கு."

இத்தனை வருடம் தடவிப் பார்த்தது யாரையும் காப்பாற்றவில்லை. இறங்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "முதுகுல தாயக்கட்டம் வரைஞ்சிருக்காங்க, வாக்கா ஒரு ஆட்டம் போடலாம்" என்றேன். சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று பக்கத்திலிருந்த எனக்கே தெரியவில்லை.

கையுறை போட்டுப் பார்த்தாள், ரப்பரும் அரித்தது. முதலாளியம்மா பாவம் பார்த்து கல்லாவில் உட்கார வைத்தார். கடைக் காற்றிலேயே இமை வீங்கியது. கடைசியாகத் தன் தொட்டியைப் புதுப் பெண்ணிடம் ஒப்படைத்தாள். "எழுத்தைப் படி. தண்ணி போகாத கிளவுஸ் போடு. உன் தோலைக் கொடுத்து எதையும் தெரிஞ்சுக்காத" என்றாள். குழாயை ஒருமுறை திறந்து, மூடிவிட்டு வந்தாள்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். கை ஆறிவிட்டது. விரல்களுக்குத்தான் செய்ய ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டே தலையணையை வருடுகிறாள்.

நான் வாசனை ஷாம்பு, ஸ்பிரே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தலை விளக்குமாறு மாதிரி நிற்கிறது. "இதான் இப்போ ஃபேஷன்" என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். "அடியே வாலு, வந்து குனி."

"கை என்னாகும்?"

"வெறும் தண்ணிதான். குனிடி."

குனிந்தேன். என் தலையை மோந்து பார்த்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி, காதுக்குப் பின்னாலிருந்து உச்சிவரை விரலை ஓட்டினாள். சொரசொரத்த விரல் நுனியில் என் முடி சிக்கிச் சிக்கி விடுபட்டது. அவள் தனக்குள் ஏதோ முணுமுணுத்தாள், பார்லர் தொட்டியில் சாய்ந்திருக்கும் யாரிடமோ பேசுவதுபோல, "தண்ணி சூடு சரியா இருக்கா மேடம்?" என்று.

என் தோள் குலுங்கிவிட்டது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. ஷாம்பு கண்ணுல போயிடுச்சு."

விரல்கள் நின்றன.

"எந்த ஷாம்புடி?"