சால்னாவை நிறுத்துப் பார்த்தவர்

குற்றாலத்தில் எனக்குப் பரோட்டாக் கடை. சீசனில் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். அருவிப் பக்கமே போகாத காய்ந்த தலை. தட்டைச் சின்னத் தராசில் வைத்து நிறுத்து, கம்ப்யூட்டரில் எழுதிவிட்டுத்தான் தின்பார். அதற்குள் பரோட்டா விறைத்துவிடும்.

“என்ன சார் பண்ணுதீங்க?” என்றேன்.

“எந்தச் சாப்பாட்டுல என்ன சத்துன்னு சொல்லுத சாப்ட்வேர், அண்ணாச்சி. யாரும் சும்மா எடுத்துக்கலாம், திருத்தலாம். சுகர்காரங்க அதை நம்பித் திங்காங்க. ஆனா பரோட்டாக் கணக்குல சால்னாவே இல்ல. அதைத் திருத்தத் திட்டம் போடுதேன். ஆளுக்கு எத்தனை கரண்டி?”

“போதும்னு சொல்லுத வரைக்கும்.”

“அது ஒரு அளவா?”

“இங்கன அதான் அளவு. எனக்கும் சுகர்தான். டாக்டர் சொன்னபடி ரெண்டு பரோட்டாவுக்கு மேல தொடுததில்ல.”

“உங்க தட்டை வைங்க.”

இரண்டைப் பிய்த்துப் போட்டு, வழக்கம்போல் ஊற்றி வைத்தேன். தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பரோட்டாவை விட சால்னா கூட இருக்கு. நீங்க எப்பத்தான் போதும்பீங்க?”

எனக்கு நானே ஊற்றிக்கொள்கிறேன். யாரிடம் சொல்வது?

அவர் ஊருக்குப் போய்விட்டார். திட்டம் என்ன ஆனதோ தெரியாது. என் கரண்டி மட்டும் இப்போது இரண்டோடு நின்றுவிடுகிறது. படுபாவி மனுஷன், தராசோடு என் ருசியையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.