பார்க்காத இடத்தில் சைபர்

வருடக்கணக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போய், திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் உட்கார்ந்து ஆண்ட்ரோமீடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்பது பெரிய வார்த்தை. செயற்கைக்கோள்கள் எப்போதோ எடுத்த எக்ஸ்ரே படங்கள் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். நம் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடாவில் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் புள்ளிகள் காலப்போக்கில் எவ்வளவு கூடுகின்றன, எவ்வளவு குறைகின்றன என்று அந்தப் படங்களிலிருந்து அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

அந்தப் புள்ளிகளில் பலவும் ஜோடிகள். செத்துப்போன ஒரு நட்சத்திரமோ கருந்துளையோ, பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். விழுகிற வாயு சூடேறி எக்ஸ்ரேயாக ஒளிரும். நிறைய வந்தால் பிரகாசம், வரத்து குறைந்தால் மங்கல். எனக்கு வாய்த்த நெறியாளரோடு கொஞ்ச நாள் பழகியபின் இந்த ஏற்பாடு நன்றாகவே விளங்கிவிட்டது.

எங்கள் துறையில் ஒரு பழக்கம். ஆய்வகத்துக்கு வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே, அட்டவணையில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான். இருந்தால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மதிப்பெண்ணில் கைவைப்பார். நெறியாளர் அப்படிப் படித்து, அப்படியே பாடம் நடத்தி வந்தவர்.

என் அட்டவணையிலோ காலிக் கட்டங்கள் ஏராளம். ஆண்ட்ரோமீடா வானத்தில் அகலமானது. ஒரு படத்துக்குள் அதன் ஒரு துண்டுதான் அடங்கும். ஒரு வருடத்துப் படத்தில் இருக்கும் புள்ளி, அடுத்த வருடத்துப் படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடும். அந்த வருடத்தில் அதற்கு அளவே கிடையாது.

"இதெல்லாம் ஏம்மா காலியா கிடக்கு? சைபர் போடு" என்றார் நெறியாளர்.

"சார், அந்த இடத்தை அன்னிக்குப் பார்க்கவே இல்ல சார். பார்த்து, அங்க ஒண்ணும் இல்லைன்னாதான் சைபர் போடலாம்."

"ரெண்டும் ஒண்ணுதான். படத்துல தெரியலைல்ல?"

மறுநாளும் சொல்லிப் பார்த்தேன். ஒரு படத்தைத் திறந்து விளிம்பைக் காட்டினேன். அவர் போனிலிருந்து தலையை எடுக்காமல், "பிஎச்டி முடிக்கணும்ல?" என்றார். போட்டேன்.

போட்டதும் ஆண்ட்ரோமீடா ஆட்டம் போட ஆரம்பித்தது. ஒழுங்காக ஒளிர்ந்துகொண்டிருந்த புள்ளிகளெல்லாம் திடீரென்று அணைந்தன, திடீரென்று முளைத்தன. நெறியாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இத்தனை எக்ஸ்ரே மூலங்கள் தோன்றி மறைகின்றன என்று கட்டுரை வெளியானது. துறை வழக்கப்படி முதல் பெயர் அவருடையது. கருத்தரங்குகளுக்குப் போனார், துறைத்தலைவரும் ஆனார்.

பிறகு ஒரு வெளிநாட்டுக் குழு, அணைந்ததாக நாங்கள் சொன்ன புள்ளிகளைச் சரிபார்த்துவிட்டு, அந்த இடங்கள் அந்தப் படங்களிலேயே இல்லை என்று மின்னஞ்சல் அனுப்பியது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். உடனே கல்லூரியின் ஆய்வுக்குழு கூடியது.

"பொண்ணு கவனக்குறைவா செஞ்சிட்டா. நான் பிள்ளைங்களை நம்பி விட்டுடுற ஆளு" என்றார் நெறியாளர்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பைத்தான் நோவார்கள், எய்தவருக்குக் காபி கொடுப்பார்கள். ஆய்வேட்டை முழுக்கத் திருத்தாவிட்டால் எனக்குப் பட்டம் கிடையாது என்று முடிவானது. நடந்ததைச் சொல்ல வாய் துடித்தது. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் திருத்திய ஆய்வேட்டையும் கொடுக்க முடியாது. "திருத்திடறேன் சார்" என்றேன்.

வீட்டில் அம்மா, "பெருமாள் பார்த்துப்பார்டி" என்றாள். எங்கள் ஊர்ப் பெருமாள் பள்ளிகொண்டிருப்பவர். எழுந்து எங்கள் துறைக்கு வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

சைபர்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பெரும்பாலான புள்ளிகள் கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்து, தம் பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தன. நிஜமாகவே அணைந்தவை மிகச் சில. அதில் ஒன்று மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கியதை வரைபடத்தில் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. இதை முதலிலேயே காட்டியிருக்க வேண்டியவள் நான்.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் நெறியாளர் எழுந்தார். "என் வழிகாட்டுதல்ல இவங்களே தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்காங்க" என்றார். கைதட்டினார்கள். வழக்கப்படி நான் வாங்கி வந்திருந்த பொன்னாடையை நானே அவருக்குப் போர்த்தினேன்.

பட்டம் வந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இடமெல்லாம் நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். போன வாரம் போய் நின்றேன்.

"நீயே எழுதிட்டு வாம்மா, சைன் பண்ணித் தரேன்" என்றார். இதுவும் இங்கே வழக்கம்தான். எழுதிக்கொண்டு போனேன். முடிவில், 'தவறென்று தோன்றினால் எவரிடமும் எடுத்துச் சொல்லத் தயங்காதவர்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். முழுவதும் படித்தவர் அந்த வரியை மட்டும் அடித்தார்.

"இதைப் பார்த்தா யாரும்மா வேலை கொடுப்பாங்க? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று, அதன் மேலே 'சொன்னதைச் செய்பவர்' என்று எழுதினார்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அப்படியே திருத்தி அச்செடுத்து, கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "தேங்க்ஸ் சார்" என்றேன்.