வெளியூர்ச் சாமியாரைத் தேடி மேட்டூருக்கு

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆத்தூரில் சேலம் வண்டி ஏறினேன். சேலம் ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து மேட்டூர் இன்னும் ஐம்பது. எங்கள் கோயிலோ வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிடம். பாவசங்கீர்த்தனம் செய்ய நூறு கிலோமீட்டர் போவானேன் என்று கேட்பீர்கள்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் குருவிடம் போய்ப் பாவத்தை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறுவது எங்கள் வழக்கம். கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னவனிடமே கூட வெளியே அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. இதெல்லாம் தெரிந்தும் எங்கள் பங்குச் சாமியாரிடம், அதாவது ஆத்தூர்க் கோயில் குருவிடம், சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் முதலில் படித்தவன் என்று ஞாயிறுதோறும் கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

விஷயம் இதுதான். மூன்று வருடம் முன்பு தங்கை ஸ்டெல்லா பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போடச் சொன்னாள். இணையத்தில் நிரப்பத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு ஏற்காடு போனேன். திரும்பி வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. "லிஸ்ட்ல உன் பேரு வரல, மார்க் பத்தல" என்று வீட்டில் பொய் சொன்னேன். இப்போது அவள் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை மடிக்கிறாள். தினமும் போய்வருகிறாள். படிப்பைப் பற்றி யார் கேட்டாலும், "எனக்குத் தலையில ஏறலைங்க" என்கிறாள். அவள் ஏறும் எட்டு மணி வண்டிக்கு முன்பே நான் கிளம்பியதும் அதனால்தான்.

வழியெல்லாம் சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி வெள்ளையாகக் காய்ந்தது. எட்டரைக்குச் சேலம். ஒரு டீ குடித்துவிட்டு மேட்டூர் வண்டி பிடித்தேன்.

"டேமுக்குங்களா?" என்றார் நடத்துனர்.

"இல்லீங்க, கோயிலுக்கு."

"முனியப்பனுக்கா? அப்பக் கோழி எங்கீங்க?"

"மாதா கோயிலுங்க."

"அங்க வெறுங்கையோட போலாமாட்ட இருக்குது," என்று சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்தார். மேச்சேரி தாண்டியதும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன.

பத்தரைக்குக் கோயிலுக்குள் நுழைந்தேன். மூன்று இடங்களில் குருக்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இடத்தில் நாலைந்து பேர்தான். மூன்றாவது வரிசை மட்டும் வாசல்வரை நீண்டிருந்தது. அதில் நின்ற ஒரு அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"அவிங்க ரெண்டு பேரும் உள்ளூரு தம்பி. நாளைக்கே மார்க்கெட்டுல மூஞ்சியப் பாக்கோணும். இவரு வெளியூருங்க. எல்லாத்தையும் கொட்டிப்போட்டுப் போயிரலாம்."

எனக்கு மூன்று பேருமே வெளியூர்தான் என்று தோன்றாமல் நானும் அந்த வரிசையிலேயே நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து முழங்காலிட்டேன். உள்ளே ஒரு செருமல் மட்டும் கேட்டது. ஏற்காட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"மன்னிப்பு இங்கயே கெடைச்சிருமுங்க. ஆனா அந்தப் புள்ள மனசுல நீங்க ஏத்தி வெச்சத நான் எறக்க முடியாதுங்க. அதுக்கு நீங்கதான் போகோணும்."

ஞாயிறுதோறும் மைக்கில் கேட்கிற குரல். எங்கள் பங்குச் சாமியார்!

தவக்காலத்தில் குருக்கள் ஒருவர் பங்குக்கு ஒருவர் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்பதுண்டு, மக்கள் கூச்சமில்லாமல் பேசட்டும் என்று. அடுத்த வாரம் ஆத்தூருக்கு வெளியூர்க் குருக்கள் வருகிறார்கள் என்ற அறிவிப்பைப் போன ஞாயிறு கோயிலில் வாசித்தவனே நான்தான். தெரிந்தவர்கள் முன் வரிசையில் நிற்கக் கூசித்தான் மேட்டூர் வந்தேன். எங்கள் சாமியாரும் அப்படி எங்காவது போவார் என்று யோசிக்கவில்லை.

பன்னிரண்டரை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவரும் அதே வண்டியில் ஏறினார்.

"அட, நீங்களா சாமி! கொஞ்சம் நவுருங்க," என்று பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகள் முதல் எல்லோரையும் அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். வெயிலைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார், வேர்க்கடலை வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினார். எப்போது பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி, "தங்கச்சி எப்படி இருக்குது?" என்றுதான் இருக்கும். அன்று கேட்கவில்லை. மேச்சேரி வரை எதிர்பார்த்தேன். கேட்கவே இல்லை.

ஓமலூரில் நானே சொன்னேன்: "சேலத்துல எறங்கி ஸ்டெல்லாவப் பாக்கப் போறேன் சாமி."

"அப்படிங்களா? நான் கேட்டதாச் சொல்லுங்க," என்றார். சேலத்தில் அவர் ஆத்தூர் வண்டிக்குப் போனார். நான் கடைக்கு நடந்தேன்.

ஸ்டெல்லா மேசை மேல் பிரித்துப்போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணா, இங்க?" என்றாள். வாடிக்கையாளர் யாரும் பக்கத்தில் இல்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். கோயிலில் சொன்னதைவிட அதிக நேரம் பிடித்தது.

கையிலிருந்த சேலையை அவள் கீழே வைக்கவில்லை.

"அப்ப எம் மார்க்கு பத்தியிருக்குமா?"

"பத்தியிருக்கும்."

அந்தச் சேலையை மடித்து முடித்தாள். ஓரங்களை இரண்டு முறை சரிசெய்தாள். "ஏழு மணிக்குக் கடை விடும். அதுவரைக்கும் இங்க நிக்காத, வெளிய போ," என்றாள்.

எதிர்ச்சாரியில் நின்றேன். ஏழு மணிக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

வாழப்பாடி வரை பேசவில்லை. வாழப்பாடியில் திட்ட ஆரம்பித்தாள். ஆத்தூர் வந்து, வண்டி காலியான பிறகும் முடிக்கவில்லை.