ஒருவரும் குளிக்காத நீராட்டு மண்டபம்

ஜேர்மனியில் உள்ள ட்ரியர் நகரத்துக்கு நான் உரோமரை மெச்சப் போகவில்லை. பத்து நிமிடம் பேசுவதற்காகப் போனேன். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் நகரத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்தும் கல்விக்கூடம் ஒன்று இருக்கிறது. வசந்த காலத்தில் அது ஒரு கல்விச் சுற்றுலாவையும் ஒழுங்கு செய்யும். ஓய்வூதியக்காரர்கள் ஒரு பஸ்ஸை நிரப்பிக்கொண்டு இடிந்த சுவர்களைப் பார்க்கப் போவார்கள். சும்மா பார்த்துவிட்டு வர ஜேர்மன்காரருக்கு மனம் ஒப்பாது. ஒவ்வோர் இடத்திலும் குழுவில் ஒருவர் எழுந்து, தான் படித்து வந்ததைப் பத்து நிமிடம் சொல்லவேண்டும். அதற்கு ரெஃபராட் என்று பெயர். உரோமரின் வரலாறும் கலையும் என்று அந்த ஆண்டின் அறிவித்தல் வந்தபோது, பட்டியலில் இருந்த இடங்களை எண்ணினேன். ஏழு. ஏழில் ஒன்று எனக்கு என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்கு எனக்கு உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு டியூட்டறியில் உயர்தர மாணவர்களுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் கற்பித்தவன் நான். ஒரே ஒரு பாடநூல், அதில் பதினான்கு கோட்டுப்படங்கள். உரோமர் வைத்த கல் ஒன்றைக்கூடக் காணாமல் ஆறு தொகுதி மாணவர்களைப் பரீட்சைக்கு அனுப்பினேன். பிறகு இந்த நாட்டுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை கார்க் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். அங்கே உரோமரைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எதைப் பற்றியும் கேட்கவில்லை.

சுற்றுலாவுக்கு முன்னர் நடந்த ஆயத்தக் கூட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். குழுத்தலைவி, லத்தீன் மொழி கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. மற்றவர்களோடு சாதாரணமாகப் பேசுவார்; என்னோடு பேசும்போது மட்டும், காது கேளாதவனிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பார். பேரரசர் நீராட்டு மண்டபத்துக்கு யார் என்று அவர் கேட்டதும் கையை உயர்த்தி என் பெயரைச் சொன்னேன். அவர் தன் தாளில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து அடையாளமிட்டார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

காரியம் கெட்டது அங்கேதான். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. என் பெயருக்கு முன்னால் வருவது அப்பாவின் பெயர். இந்த நாட்டு அலுவலகம் அதையே என் குடும்பப்பெயர் என்று எழுதிக்கொண்டது. என் மனைவியின் கடவுச்சீட்டில் அவள் பெயரோடு என் பெயர் இருந்ததால், அதை அவளுடைய குடும்பப்பெயர் ஆக்கிவிட்டார்கள். ஆகவே ஜேர்மனியில் என்னை அழைப்பவர்கள் என் அப்பாவைத்தான் அழைக்கிறார்கள். என் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பவள் என் மனைவி. இத்தனை ஆண்டு இது தெரிந்திருந்தும், ஆசிரியர் ஒருவர் பெயர் கேட்கும்போது மனிதன் தன் பெயரைத்தானே சொல்வான்.

பனிக்காலம் முழுவதும் நூலகப் புத்தகம் ஒன்றை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். அதில்தான் அந்த விஷயம் அகப்பட்டது. ட்ரியரின் பேரரசர் நீராட்டு மண்டபம் கட்டி முடிக்கப்படவேயில்லை. வானளாவச் சுவர் எழுப்பினார்கள். அடிமைகள் விறகு சுமந்து போவதற்கு நிலத்துக்குக் கீழே வழி சமைத்தார்கள். பேரரசர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார், வேலை நின்றுபோனது. அதில் தண்ணீர் நிரப்பவே இல்லை. பின்னால் வந்தவர்கள் இடித்தது போக மிஞ்சியதைப் படைவீரர் தங்கும் இடமாக மாற்றினார்கள். பேரரசுகளைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் முழுவதும் அந்த ஒரு கட்டடத்தில் இருந்தது. என் பேச்சின் உயிரும் அதுதான்: உலகத்தின் மிகப் பெரிய குளிப்பறைகளில் ஒன்று, ஒருவரும் குளிக்காதது.

அதைத் தமிழில் எழுதி, மகளைக் கொண்டு ஜேர்மனுக்கு மாற்றி, மனப்பாடம் செய்தேன். தாளைப் பார்த்துப் பாடம் நடத்துபவன் ஆசிரியன் அல்ல. குசினியில் மனைவி சமைத்துக்கொண்டிருப்பாள். நான் வாசற்கதவில் நின்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. சுற்றுலாவுக்கு அவள் வந்ததே நாலு நாள் சமைக்காமல் இருக்கலாம் என்பதற்காக.

பஸ்ஸில் குழுத்தலைவியோடு சேர்த்து முப்பத்தொரு பேர். புறப்படும்போதெல்லாம் அவர் தலைகளை எண்ணினார். எண்ணும்போதெல்லாம் ஓர் ஆள் குறைந்தது. உங்களை எண்ண மறந்திருக்கிறீர்கள் என்று நான்தான் எழுந்து சொன்னேன். சின்னப் பிள்ளை சரியாகப் பாடினால் சிரிப்பதுபோல் சிரித்தார். எனக்குப் பின் இருக்கையில் மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற ஒரு மனிதர். மடக்கு நாற்காலி ஒன்றை எங்கும் காவிக்கொண்டு வந்து, எந்தச் சிலையின் முன்னாலும் விரித்து உட்கார்ந்து தலையாட்டுவார். பேசியவர் சரியாகச் சொன்னாலும் ஆட்டுவார், பிழையாகச் சொன்னாலும் ஆட்டுவார்.

இரண்டாம் நாள் காலை பஸ் புறப்பட்டதும் குழுத்தலைவி ஒலிவாங்கியில் அன்றைய நிகழ்ச்சிகளை வாசித்தார். நீராட்டு மண்டபத்தில் பேசப்போகிறவர் திருமதி என்று தொடங்கி, என் பெயரைச் சொன்னார்.

எழுந்து, அது நான் என்றேன். இல்லை, கூட்டத்தில் நீங்கள் பதிந்தது உங்கள் மனைவியின் பெயரை என்றார். அந்தப் பெயர் என்னுடையது, மனைவிக்கு அதைக் கொடுத்தது அலுவலகம், என்னுடையது என்று நீங்கள் வைத்திருப்பது என் அப்பாவின் பெயர் என்று விளக்கினேன். விளக்க விளக்கக் கேடாகிக்கொண்டு போனது. மனைவிக்குக் கிடைத்த வாய்ப்பைப் பறிக்க நிற்கும் கிழக்கத்தியப் புருஷனை அவர்கள் என்னில் கண்டுவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் என்னிடம் அல்ல, பஸ்ஸிடம் சொன்னார், இந்த நாட்டில் மனைவிமாரும் வாய் திறக்கலாம் என்று. சிரித்தார்கள். எனக்கு ஆதரவாக ஒரு முகமும் இல்லை. பார்த்தேன், எண்ணினேன், ஒன்றும் இல்லை.

மனைவியின் பக்கம் திரும்பினேன்.

“இஞ்சரும், அது என்ரை பேச்செண்டு உவையளுக்குச் சொல்லும்.”

அவள் யன்னலைப் பார்த்தாள். பிறகு குழுத்தலைவியைப் பார்த்து, எனக்கு வராத சரளத்தோடு ஜேர்மனில், தான் சந்தோஷமாகப் பேசுவதாகச் சொன்னாள். பஸ் கைதட்டியது.

“என்ன கூத்து இது?” என்று கேட்டேன்.

“கலியாணம் கட்டின நாளிலையிருந்து உங்கட பேரைச் சுமந்துகொண்டு திரியிறன். ஒருநாளெண்டாலும் அதாலை எனக்கொரு பிரயோசனம் வரட்டுமே.”

“என்னத்தைப் பேசப்போறீர்?”

“குளிக்கிற இடம்தானே. அதைப் பற்றிக் கதைக்கத் தெரியும்.”

என் பேச்சிலிருந்து ஒரு சொல்லையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நீராட்டு மண்டபத்தில் மிஞ்சி நிற்பது அரைவட்டமாக வளைந்த ஒரு பெரும் சுவர். சுண்ணாம்புக்கல் வரிசைகள், இடையிடையே செங்கல் வரிசைகள், பெரிய பெரிய வளைவு யன்னல்கள். என் பாடநூலின் கோட்டுப்படங்களில் இந்தச் செங்கல் நிறம் இல்லை. அதைத் தனியாகப் பார்த்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். மழைச்சட்டை போட்ட கூட்டத்துக்கு நடுவே, என் மனைவி அதற்கு முன்னால் போய் நிற்பதைப் பார்த்தேன்.

ஓய்வு பெறும்வரை அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தவள். அதைத்தான் பேசினாள். எழும்ப முடியாத மனிதர்களை எப்படிக் குளிப்பாட்டுவது: முதலில் அறையைச் சூடாக்க வேண்டும், துவாயைச் சூடாக்க வேண்டும், தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெயரையே மறந்துபோன ஒரு கிழவி தொட்டிக்குள் இறங்கியதும் பாடத் தொடங்குவாளாம். உரோமரும் இப்படித்தான் வெதுவெதுப்பான அறைக்குப் போய், பிறகு சுடுநீருக்குப் போயிருப்பார்கள் என்றாள். வளைந்த சுவரின் மூலையைக் காட்டி, அதோ அந்த இடத்தில் யாரோ ஒருத்தி யாரோ ஒரு கிழவனுக்கு முதுகு தேய்த்துவிட்டிருப்பாள் என்று முடித்தாள். மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். குழுத்தலைவியும் தட்டினார். அந்தக் கட்டடத்தின் கதை அவருக்கு நன்றாகத் தெரியும், லத்தீன் ஆசிரியை. தெரிந்துகொண்டே தட்டினார்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிழையான பாடத்துக்கு ஓர் ஆசிரியை கைதட்டுவது.

“இங்கே ஒருவரும் குளிக்கவில்லை” என்று ஜேர்மனில் உரத்துச் சொன்னேன். எனக்கு வழக்கமாக இடம் மாறிப்போகும் வினைச்சொல்கூடச் சரியான இடத்தில்தான் இருந்தது. கைதட்டல் நின்றது.

மருந்துக்கடைக்காரர் மடக்கு நாற்காலியில் இருந்தபடியே, குளிக்கவில்லை என்றால் பிறகு இது என்னவாகத்தான் இருந்தது என்று கேட்டார். கேள்வி கேட்டுவிட்டார்கள். பனிக்காலம் முழுவதும் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன், ஜேர்மன் ஓடிப்போய்விட்டது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் மிஞ்சும். படைவீரர் தங்குமிடம் என்பதற்கு அவர்களுடைய சொல் என்ன? இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிதில் எங்களை வைத்திருந்ததே பட்டாளத்தார் விட்டுப்போன அப்படி ஒரு கட்டடத்தில்தான். நீண்ட நடைபாதை, இரும்புக் கட்டில்கள், ஒரு குசினிக்குப் பதினெட்டுக் குடும்பம். அலுவலகத்தார் அதை ஹைம் என்றார்கள். நாங்கள் எல்லோரும் கைம் என்றோம். இன்றைக்கும் எங்கள் ஆட்களிடம் கைம் என்றால் அந்தக் கட்டில்கள்தான் கண்ணுக்கு வரும். வாயில் வந்தது அந்தச் சொல்.

“பிறகு இது ஒரு ஹைம்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வயோதிபர் இல்லத்துக்கும் ஜேர்மனில் ஹைம் என்றுதான் பெயர். மனைவியின் வேலையை எல்லார் முன்னாலும் நான் நக்கலடித்ததாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டடத்தில் நான் சொல்ல வந்ததை விளங்கிக்கொள்ளக்கூடியவள் ஒருத்திதான் நின்றாள். அவளிடமே கேட்டேன்.

“பட்டாளத்தார் இருக்கிற இடத்துக்கு உவையள் என்ன சொல்லுறவை?”

“தெரியாது.”

தெரியாதாம். நாங்கள் இருந்த கைம் நின்ற தெருவின் பெயரே அந்தச் சொல்தான். கசேர்னென்ஸ்ட்ராஸ, பட்டாளத்தார் குடியிருப்புத் தெரு; எனக்கு அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை விண்ணப்பங்களில் அதைத் தன் கையால் எழுதியவள்.

குழுத்தலைவி முன்னால் வந்தார். இந்த ஐயா சொல்வது சரி, இந்த மண்டபம் குளிப்பதற்குப் பயன்படவில்லை, பின்னர் படைவீரர்கள் தங்கினார்கள், ஆனால், என்றார். ஆனால் என்ன என்று சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

பஸ்ஸில் மனைவி எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. முன் வரிசையில் குழுத்தலைவியின் பக்கத்து இருக்கைக்குப் போனாள். நான் போய் அவள் தலைக்கு மேல் நின்றேன்.

“நான் என்ன சொன்னனான் எண்டு உமக்கு விளங்கினதுதானே?”

“ஓம், விளங்கினது.”

“பிறகேன் சொல்லேல்லை? பிழை பிழையாக் கதைச்சுப்போட்டு நிக்கிறீர். அங்கை தண்ணியே வரேல்லை.”

“தண்ணி வரேல்லையெண்டு எனக்கும் தெரியும். பனிக்காலம் முழுக்கக் குசினி வாசல்ல நிண்டு அதைத்தானே சொன்னனீங்கள்.”

“தெரிஞ்சுகொண்டும்?”

“ஓம், தெரிஞ்சுகொண்டும்தான்.” சத்தத்தை உயர்த்தாமல் சொன்னாள். “அவை கைதட்டி முடியுமட்டும் உங்களாலை பொறுக்கேலாமல் போச்சு. இப்ப போய் இருங்கோ, பஸ் வெளிக்கிடப்போகுது.”

போய் உட்கார்ந்தேன். அடுத்த இடம் உரோமரின் வட்டரங்கு. மிருகங்களையும் மனிதர்களையும் மோதவிட்டுப் பார்த்த இடம். பஸ் நின்றதும் குழுத்தலைவி என் இருக்கைக்கு வந்தார். நீதியாக நடக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். வட்டரங்கைப் பற்றிப் பேச வேண்டியவர் ஹோட்டலில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறார், அந்தப் பத்து நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று, என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக.

முடியாது என்றேன்.

மனைவி முன்னாலிருந்து திரும்பாமலே சொன்னாள்: “கேக்கினம்தானே. கதையுங்கோவன்.”

“ஆயத்தமில்லாமல் நான் வகுப்பெடுக்கிறேல்லை.”

“அப்ப இருங்கோ.”

அவள் இறங்கினாள். எல்லாரும் இறங்கினார்கள். சாரதி என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தான். வட்டரங்கின் நுழைவாயில் வழியே அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு தொகுதி மாணவருக்கு வட்டரங்கைப் படம் வரைந்து காட்டியவன் நான்; அதற்குள் கால் வைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சுற்றுலாவுக்கும் நான் போகவில்லை.

திரும்பி வரும்போது அவர்கள் கதைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். அங்கே அந்தப் பத்து நிமிடத்தை யார் பேசினார்கள் என்று நான் இன்றுவரை மனைவியிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.